கிணறுகளின் கணக்கும் மக்களின் வாக்கும்

பேரறிஞர் இப்னு கல்தூன் தமது 'முகத்திமா'வை ஹிஜ்ரி 779-இல் (கி.பி. 1377) எழுதி முடித்தார். அந்நூலின் தொடக்கத்திலேயே அவர் ஓர் எண்ணை ஐயுறுகின்றார். நபி மூஸா (அலை) அவர்களின் படையில் 6,00,000 பேருக்கு மேல் இருந்தனர் என மஸ்ஊதி முதலானோர் எழுதி வைத்தனர். அத்துணைப் பெரிய படையை அந்நாடுகள் தாங்குமா? ஒரு குடும்பம் நான்கு தலைமுறைகளில் அவ்வளவு பெருகுமா? இவ்வாறு வினவிய அவர், எண்ணை மக்கள் வாழ்வின் இயல்போடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே ஏற்க வேண்டும் என்றார். எண்வழி ஆய்வையும் பண்புவழி ஆய்வையும் இணைத்தல் வேண்டும் என்று இன்றைய சமூகவியலார் கூறுவதும் இந்நெறியை ஒட்டியதேயாகும்.

இதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டுவதில்லை. திண்டுக்கல் தோல் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். நம் சமுதாயத்தார் பலருக்கும் வாழ்வளித்த தொழில் அது. ஆயினும் தோல் பதனிட்ட கழிவுநீர் நிலத்தினுள் இறங்கிற்று. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 சிற்றூர்களில் ஒரு தொண்டு நிறுவனம் கணக்கெடுத்தது. குடிக்கவும் பாசனத்திற்கும் பயன்பட்ட 467 கிணறுகளுள் 350 கெட்டிருந்தன. நான்கில் மூன்று பங்கு!

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ஆம் நாள் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் இக்கணக்கை எடுத்துரைத்தது. பெண்களும் குழந்தைகளும் குடிநீருக்காக மைல் கணக்கில் நடக்க நேர்ந்ததையும் அதனையடுத்தே குறிப்பிட்டது. திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் பதனிடும் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. பாதிப்புற்ற குடும்பங்களை இனங்கண்டு இழப்பீட்டை அறுதியிட ஓர் ஆணையம் அமைக்கவும் கட்டளையிட்டது.

350 என்னும் எண் இல்லையேல், "எங்கள் கிணறு கெட்டது" என்னும் ஒரு தாயின் முறையீடு ஒரு வீட்டுக் குறையாகவே ஒதுக்கப்பட்டிருக்கும். நீர் சுமந்து நடந்தோரின் செய்தி இல்லையேல், அவ்வெண் ஏட்டிலேயே உறங்கியிருக்கும். எத்தனை கிணறுகள் என்பதை எண் கூறும்; அவற்றால் யார் எதை இழந்தனர் என்பதை மக்கள் வாக்கே கூறும்.

நம் ஊர் வரலாற்றை எழுதப் புகுவோர் தோல் தொழில் ஈட்டிய செல்வத்தை மட்டும் கணக்கிட்டால் போதாது. கெட்ட கிணறுகளையும் எண்ண வேண்டும். அவற்றின் அருகே வாழ்ந்த முதியோரை நாடிச் சென்று கேட்டு எழுதவும் வேண்டும். கணக்கேடுகளைப் பின்னரும் புரட்டிக்கொள்ளலாம். முதியோர் மறைந்த பின் யாரிடம் கேட்போம்?