விலக்கப்பட்டது பெண்ணா, நஞ்சா?

அமெரிக்காவில் கதிரியக்கப் பொருள்களைக் கையாளும் ஆய்வகத்தில் வேலை செய்யும் பெண் கருவுற்றால், அதை நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவிக்கலாம். தெரிவித்துவிட்டால், பணியாளருக்கு ஆண்டுக்கு 50 மில்லிசீவர்ட் என்றிருக்கும் கதிர்வீச்சு வரம்பு கருவுக்குப் பொருந்தாது. கர்ப்பகாலம் முழுவதற்கும் 5 மில்லிசீவர்ட்தான். ஆனால் தெரிவித்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. 1994இல் நடைமுறைக்கு வந்த இந்த விதியைப் படிக்கும் பலருக்கும், இவ்வளவு பெரிய விஷயத்தை அவள் விருப்பத்துக்கே விடலாமா என்ற கேள்வி எழும். அப்படி விட்டதற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுத் தகராறு இருக்கிறது. கருவைக் காப்பதாகச் சொல்லிப் பெண்ணை வெளியே அனுப்பிய விதிகள், உடற்கூற்றைவிட யாருடைய உழைப்பு யாருக்குத் தேவை என்ற கணக்கையே பெரும்பாலும் பின்பற்றின. நஞ்சின் அளவை எல்லோருக்குமாகக் குறைத்த விதிகளே கருவையும் காத்தன.

தகராறு தொடங்கியது ஆய்வகத்தில் அல்ல, ஈயத் தொழிலில். 1860இல் பிரெஞ்சு மருத்துவர் கான்ஸ்டன்டின் பால் ஈயத் தொழிலாளர் குடும்பங்களில் கருச்சிதைவும் குறைப்பிரசவமும் மிகுந்திருப்பதைப் பதிவு செய்தார். கணவன் மட்டும் ஈயத்தில் உழைத்த வீடுகளிலும் அப்படியே இருந்ததை அவர் கண்டார். இந்தப் பாதி வசதியாக மறக்கப்பட்டது. 1898இல் பிரிட்டன், ஈய வெள்ளைச் சாயம் செய்யும் ஆலைகளின் ஆபத்தான வேலைகளிலிருந்து பெண்களை விலக்கியது. 1921இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கையும், தொழில்முறை வண்ணப்பூச்சில் அந்தச் சாயத்தைக் கையாளப் பெண்களுக்கும் 18 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கும் தடை விதித்தது. வளர்ந்த ஆணின் உடலும் கருவுக்குக் காரணம் என்பது கணக்கில் வரவேயில்லை.

இந்தத் தர்க்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பது 1978இல் மேற்கு வர்ஜீனியாவின் வில்லோ ஐலண்டில் தெரிந்தது. அமெரிக்கன் சயனமிட் ஆலையின் ஈயச் சாயப் பிரிவில் 16 முதல் 50 வயது வரையுள்ள பெண்கள், கருத்தரிக்க இயலாதவர்களாக இருந்தாலொழிய, வேலை செய்ய முடியாது என்று நிர்வாகம் அறிவித்தது. நல்ல கூலியை இழக்க முடியாத ஐந்து பெண்கள் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டார்கள். பிறகு அந்தப் பிரிவே மூடப்பட்டது. இது குறித்த வழக்கை 1984இல் விசாரித்த மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. தீர்ப்பை எழுதியவர் ராபர்ட் போர்க். 1982இல் ஜான்சன் கன்ட்ரோல்ஸ் என்ற பேட்டரி நிறுவனமும், மலடு என்று மருத்துவச் சான்று தராத பெண்கள் எல்லோரையும் ஈய வேலைகளிலிருந்து விலக்கியது. அங்கேயே ஓர் ஆண் தொழிலாளி, தந்தையாவதற்கு முன் உடம்பிலுள்ள ஈயத்தைக் குறைத்துக்கொள்ள விடுப்புக் கேட்டபோது கிடைக்கவில்லை. நிறுவனத்தின் அக்கறை கருவின் மேல்தான் என்றால் இந்த மறுப்பை எப்படி விளக்குவது? 1991இல் உச்ச நீதிமன்றம், நீதிபதி பிளாக்மன் எழுதிய தீர்ப்பில், அந்தத் தடை பாலினப் பாகுபாடு என்று சொல்லி ரத்து செய்தது.

ஆண்களின் பக்கம் நடந்ததையும் பார்க்க வேண்டும். 1977இல் கலிபோர்னியாவின் லாத்ரோப்பில் டிபிசிபி என்ற நூற்புழுக்கொல்லியைத் தயாரித்த ஆண்கள் பலருக்கு விந்தணு அருகிப்போயிருந்தது. பிள்ளை வேண்டாதவர்களை அந்த வேலைக்கு வைத்துக்கொள்ளலாமே என்று பீச் பழ விவசாயிகளின் சங்கம் அரசுக்கு எழுதியது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. காற்றில் அந்த மருந்தின் அளவுக்கு நூறு கோடியில் ஒரு பங்கு என்று வரம்பு வந்தது. பெரும்பாலான பயன்பாடுகளும் நிறுத்தப்பட்டன. பெண்களே நிறைந்த மருத்துவமனையிலும் இதே கதைதான். பின்லாந்துச் செவிலியரிடம் நடந்து 1985இல் வெளியான ஆய்வு, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் புற்றுநோய் மருந்துகளைக் கையாண்டவர்களுக்குக் கருச்சிதைவு வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் என்று காட்டியது. செவிலியரை விலக்கினால் வார்டு நடக்காது. ஆகவே மருந்து கலக்கும் இடத்துக்குக் காற்றை உறிஞ்சி வடிகட்டும் கூண்டும், தடித்த கையுறையும் வந்தன. அதற்கும் முன்பே, அறுவை அரங்கில் கசியும் மயக்க வாயுவுக்கு அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனம் 1977இல் வரம்பு பரிந்துரைத்திருந்தது.

எதிர்வாதம் எளிதில் தள்ளக்கூடியது அல்ல. உறுப்புகள் உருவாகும் மூன்றாம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரை பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே தெரியாது. ஈயமோ எலும்பில் பல்லாண்டு தங்கி, கர்ப்பகாலத்தில் இரத்தத்துக்குத் திரும்பி வரும். அப்படியானால் முன்கூட்டியே விலக்குவதுதானே வழி? இதே உண்மைகள்தான் என்னை மறுபக்கம் நிறுத்துகின்றன. தெரிந்த பிறகு விலகினால் பலன் குறைவு என்றால், தெரிவதற்கு முன்பே பணியிடம் பாதுகாப்பாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் 1978 ஈய விதி இதைப் பரிசீலித்து, பிள்ளை பெற நினைக்கும் ஆணும் பெண்ணும் இருவருமே இரத்த ஈயத்தை 100 கிராமுக்கு 30 மைக்ரோகிராமுக்குக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. மருத்துவக் காரணத்தால் ஈய வேலையிலிருந்து மாற்றப்படுபவருக்கு 18 மாதம் வரை பழைய கூலியும் பணிமூப்பும் காக்கப்படும் என்றும் சேர்த்தது.

கூலிக்கு உறுதி இல்லாத இடத்தில் கர்ப்பத்தைத் தெரிவிக்கும் உரிமை, மறைக்கும் உரிமையாகத்தான் முடியும். ஐரோப்பியக் குழுமத்தின் 1992 ஆணை இதைப் புரிந்துகொண்டு எழுதப்பட்டது: முதலில் வேலைச் சூழலை மாற்று, இயலாவிட்டால் வேறு வேலை கொடு, அதுவும் இயலாவிட்டால் விடுப்புக் கொடு, மூன்றிலும் ஊதியமோ போதுமான உதவித்தொகையோ தொடர வேண்டும். அமெரிக்கக் கதிர்வீச்சு விதியில் அந்தக் கடைசி வரி இல்லை.