காணாமல் போன ஐம்பது மீட்டர்

விளையாட்டுப் பெட்டியின் கதை – 7

ஜப்பானில் நான்கு மாடியாகக் கட்டிய 'டாங்கி காங்' வீடியோ ஆட்டம், கொச்சியின் மட்டாஞ்சேரிக்கு வந்து சேர்ந்தபோது மூன்று மாடியாகிவிட்டது. நடுவே ஒரு மாடியை எடுத்தது யார்? சென்ற வாரம் இந்தக் கேள்வியோடு நிறுத்தியிருந்தோம்.

1990-களின் மட்டாஞ்சேரி. பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாக ஏறி இறங்குகின்றன. பின்னால் உள்ள சந்துகளில் மலையாளம், தமிழ், கொங்கணி, குஜராத்தி பேசும் வீடுகள் நெருக்கமாக நிற்கின்றன. டிவி இருக்கும் வீட்டில் தெருப் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். கேசட்டைச் செருகி, ரிமோட்டுக்கு முறை வைத்து ஆடுவார்கள். குட்டித் தச்சன் உருண்டுவரும் பீப்பாய்களைத் தாண்டி இரும்புச் சட்டங்களில் ஏறுவான். அடுத்த திரை, லிஃப்ட். அதற்கும் அடுத்தது, ஆணிகளைப் பிடுங்கிக் குரங்கைக் கீழே தள்ளும் உச்சி மாடி. இதுதான் முழு ஆட்டம் என்று நம்பினார்கள்.

1981-இல் ஷிகெரு மியாமோட்டோ வடிவமைத்த, காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரத்தில் 25, 50, 75, 100 மீட்டர் என நான்கு கட்டங்கள் உண்டு. ஐம்பதாவது மீட்டரில் நகரும் பட்டைகள் ஓடும். அவற்றின் மேல் சிமென்ட் தட்டுகள் மிதந்து வரும். நிற்கும் தளமே காலை இழுத்துக்கொண்டு போகும் இடம் அது.

நின்டெண்டோவின் தலைவர் ஹிரோஷி யமவுச்சி, வீடுகளில் வைத்து ஆட ஒரு பெட்டி கேட்டார். பொறியாளர் மசயுகி உயெமுராவின் குழு, டாங்கி காங் ஓட வேண்டும் என்பதையே அளவுகோலாக வைத்து அதை உருவாக்கியது. 1983 ஜூலை 15 அன்று 14,800 யென் விலையில் ஃபாமிகாம் கடைக்கு வந்தது. கூடவே வந்த மூன்று கேசட்டுகளில் முதன்மையானது டாங்கி காங்.

பெட்டிக்குள் வேலை செய்யும் நினைவகம் 2 கிலோபைட். கேசட்டில் நிரலுக்கு 16, படங்களுக்கு 8, ஆக 24 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் இதைப்போல நூறு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். அதிலும் ஆர்கேட் திரை நெட்டுவாக்கில் நிற்பது. வீட்டு டிவியோ படுக்கைவாட்டம். உயரத்தைக் குறுக்கினார்கள், படங்களைச் சுருக்கினார்கள். அப்படியும் இடம் போதவில்லை. ஐம்பதாவது மீட்டர் போயிற்று.

ஆடியவர்களுக்கு அது தெரியாமல் போனதற்கும் காரணம் உண்டு. ஆர்கேடில் ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால், எத்தனை மீட்டர் ஏறியிருக்கிறோம் என்று ஒரு திரை காட்டும். வீட்டுப் பதிப்பில் அதையும் நீக்கிவிட்டார்கள். 25-க்குப் பிறகு 75 என்று தெரிந்தால்தானே இடையில் ஒன்று விடுபட்டதை யாரும் கேட்பார்கள்!

பிறகு தைவானின் யுஎம்சி நிறுவனம் ஃபாமிகாமுக்கு ஒத்த சில்லுகளைச் செய்தது. அத்தகைய சில்லுகளோடு மலிவான பெட்டிகள் உலகெங்கும் கிளம்பின. இந்தியாவில் 'லிட்டில் மாஸ்டர்' போன்ற பெயர்களில் விற்றன. ஒரே கேசட்டில் பற்பல ஆட்டங்கள். அவற்றுள் மாடி குறைந்த டாங்கி காங்கும் ஒன்று.

ஆர்கேட் இயந்திரத்தைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகளுக்கு இந்த 24 கிலோபைட்தான் மூலநூல். அதில் ஒரு குறையும் அவர்களுக்குத் தெரியவில்லை என்றால், எதை விடுவது, எதைக் காப்பது என்று முடிவெடுத்தவர்களின் கைத்திறன் அத்தகையது. தாவும் கணத்தின் பதற்றம் அவர்கள் கையில் சிதையவே இல்லை. விளையாட்டு வரலாற்றில் மியாமோட்டோவுக்குத் தரும் மரியாதை, அந்தச் சின்ன இடத்துக்குள் ஆட்டத்தைக் குடியேற்றியவர்களுக்கும் சேர வேண்டும்.

ஆனால் வெட்டிய மாடியின் கதை 1983-உடன் முடியவில்லை. 27 ஆண்டுகள் கழித்து, 2010-இல், ஐரோப்பியக் கடைகளில் நின்டெண்டோவின் சிவப்பு நிற வீ (Wii) பெட்டி ஒன்று விற்பனைக்கு வந்தது. அதற்குள் முன்கூட்டியே பதிந்திருந்தது டாங்கி காங். அதே ஃபாமிகாம் உருவம், அதே ஒலி. தச்சன் முதல் கட்டத்தை ஏறி முடித்தான். அடுத்து லிஃப்ட் வந்திருக்க வேண்டும்.

வந்தது வேறு.

(அடுத்த வாரம் தொடரும்)