இடைத்தங்கல் (விமானப் பயணம்)

இடைத்தங்கல் என்பது நெடுந்தொலைவு விமானப் பயணத்தில் ஒரு விமானத்திலிருந்து இறங்கி, அடுத்த விமானத்தில் ஏறும் வரை பயணி இடைவழி விமான நிலையத்தில் கழிக்கும் காலத்தைக் குறிக்கும். சென்னையிலிருந்து வட அமெரிக்காவுக்கு நேரடி விமானச் சேவை இல்லாமையால், தமிழ்நாட்டிலிருந்து அங்கு செல்வோர் துபாய், அபுதாபி, தோகா, லண்டன், பிராங்க்பர்ட், தில்லி, மும்பை முதலிய நகரங்களுள் ஒன்றில் இடைத்தங்க வேண்டியுள்ளது. இக்காலம் ஒரு மணி நேரமாகவும் இருக்கலாம். இருபது மணி நேரமாகவும் இருக்கலாம்.

குறுகிய இடைத்தங்கல், நீண்ட இடைத்தங்கல் ஆகிய இரண்டில் எது சிறந்தது என்பது மணிக்கணக்கை மட்டும் கொண்டு முடிவு செய்யத்தக்கதன்று. இணைப்பு தவறினால் இழப்பு யாரைச் சேரும் என்பதும், இடைப்பட்ட நேரத்தில் பயணி என்னென்ன செய்து முடிக்க வேண்டும் என்பதுமே முதன்மையானவை. கடலூர் மாவட்டத்திலுள்ள விருத்தாசலம் போன்ற, விமான நிலையம் இல்லாத ஊர்களிலிருந்து புறப்படுவோருக்கு இக்கேள்வி தொடர்வண்டியிலேயே தொடங்கிவிடுகிறது.

சொல்லும் வரையறையும்

தமிழில் இதற்கு நிலைபெற்ற ஒரே சொல் இல்லை. இடைத்தங்கல், இடைநிறுத்தம், இணைப்பு நேரம் ஆகியன எழுத்தில் வழங்குகின்றன. பேச்சில் தமிழ்நாட்டில் டிரான்சிட் என்றும் இலங்கையில் ட்ரான்சிற் என்றும் கூறுவர். பன்னாட்டுப் பயணங்களில் 24 மணி நேரத்திற்கு உட்பட்ட நிறுத்தம் இணைப்பாகவும், அதற்கு மேற்பட்டது வழித்தங்கலாகவும் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. இரண்டாவது வகைக்குக் கட்டணம் மாறக்கூடும்.

வரலாறு

தொடக்க காலத்தில் இடைநிறுத்தம் பயணியின் தெரிவாக இருக்கவில்லை. எரிபொருள் நிரப்ப வேண்டிய விமானத்தின் தேவையாக இருந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் விமானத்தை ஓட்டினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அஞ்சலைக் கொண்டுவந்தார். லண்டனிலிருந்து கராச்சி வரை வந்த இம்பீரியல் ஏர்வேசு சேவையின் அஞ்சலை மேற்கொண்டு கொண்டு செல்வதே இச்சேவையின் நோக்கம். ஆகவே சென்னைக்கு வந்த முதல் வான்வழி இணைப்பு கடிதங்களுக்குக் கிடைத்ததே எனலாம். இன்று சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கு வரை ஏறத்தாழ 15,300 கி.மீ. தொலைவை ஒரே மூச்சில் கடக்கும் சேவை உள்ளது. இடையில் இறங்குவது எரிபொருளுக்காக என்பது மாறி, கட்டணத்திற்காகவும் வழித்தடத்திற்காகவும் என்றாகிவிட்டது.

குறைந்தபட்ச இணைப்பு நேரம்

ஒவ்வொரு விமான நிலையத்திற்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்றொரு அளவு வகுக்கப்பட்டுள்ளது. அதற்குக் குறைவான இடைவெளியுள்ள இணைப்பை ஒரே பயணச்சீட்டில் விற்பதில்லை. பிராங்க்பர்ட்டில் இது பொதுவாக 45 நிமிடம். முனையம் மாற வேண்டிய இடங்களில் அளவு கூடும்.

இவ்வளவு போதும் என்று விமான நிறுவனமே விற்பதால் அது வசதியான நேரம் என்று பொருளாகாது. 75 நிமிட இடைத்தங்கலை எடுத்துக்கொள்வோம். விமானம் தரையிறங்கி, நிறுத்துமிடம் வந்து, கதவு திறக்கப் பத்து நிமிடம் ஆகலாம். பெரிய விமானத்தின் பின்வரிசையில் அமர்ந்தவர் வெளியே வர மேலும் 15 நிமிடம் ஆகும். பாதுகாப்புச் சோதனைக்கு இன்னொரு 15 நிமிடம். அடுத்த விமானத்தின் வாயில் புறப்பாட்டிற்கு 15 முதல் 20 நிமிடம் முன்பே மூடப்படும். எஞ்சும் ஒரு கால் மணி நேரத்தில் வாயிலைத் தேடி நடக்க வேண்டும். முதல் விமானம் அரை மணி தாமதித்தால் கணக்கு முற்றிலும் குலைந்துவிடும்.

எனினும் குறுகிய இடைத்தங்கல் எப்போதும் தவறானதன்று. ஒரே முனையம், ஒரே நிறுவனம், செல்லுமிடத்திற்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு விமானங்கள் என்ற நிலையில் இணைப்பு தவறினாலும் சில மணி நேரத்தில் அடுத்த விமானம் கிடைக்கும். நாளுக்கு ஒரே விமானம் மட்டுமே உள்ள ஊருக்குச் செல்வோருக்கு அதே 75 நிமிடம் ஒரு முழுநாள் இழப்பாகலாம். பயணச்சீட்டு வாங்கும்போது இணைப்பு விமானத்தின் நேரத்தோடு அதற்கு அடுத்த விமானத்தின் நேரத்தையும் பார்ப்பவர் மிகச் சிலரே.

ஒரே பயணச்சீட்டும் தனித்தனிச் சீட்டுகளும்

முழுப்பயணமும் ஒரே பயணச்சீட்டில் பதிவாகியிருந்தால், முதல் விமானத்தின் தாமதத்தால் இணைப்பு தவறும்போது பயணியை அடுத்த விமானத்தில் ஏற்றிச் சேரிடத்தில் சேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பாகும். இந்தியாவின் குடிசார் வான்பயண இயக்குநரக விதிகளிலும், ஒரே சீட்டு எண்ணில் பதிவான இணைப்பைத் தவறவிட்டோர் குறித்துப் பேசப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டின் 261ஆம் எண் ஒழுங்குவிதியின் கீழ், சேரிடத்தை அடைவதில் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் இழப்பீடு கோரவும் இடமுண்டு. அசாதாரணச் சூழல்களுக்கு இது பொருந்தாது.

சென்னையிலிருந்து மும்பைக்கு ஒரு சீட்டும் மும்பையிலிருந்து அமெரிக்காவுக்கு வேறொரு சீட்டும் வாங்குவோருக்கு இப்பாதுகாப்பு எதுவும் இல்லை. இரண்டாம் நிறுவனத்தின் பார்வையில் அவர் வராத பயணி மட்டுமே. அவர் மும்பையில் தம் பொதிகளைப் பெற்று, தேவையானால் சில கி.மீ. தொலைவிலுள்ள மற்றொரு முனையத்திற்குச் சென்று, புறப்பாட்டிற்கு ஒரு மணி நேரம் முன்பு மூடப்படும் பதிவு முகப்பை அடைய வேண்டும். இவ்வகைப் பயணத்திற்கு ஐந்தாறு மணி நேரம் கூடக் குறைவே. டிசம்பர், ஜனவரி மாதங்களில் மூடுபனி நிலவும் தில்லியில் ஓர் இரவு தங்கிச் செல்வதே பொருத்தம்.

விருத்தாசலத்திலிருந்து

பீங்கான் தொழிலால் அறியப்படும் விருத்தாசலம், தொடர்வண்டிச் சந்திப்பும் ஆகும். விழுப்புரம்–திருச்சிராப்பள்ளி நேர்வழிப் பாதையில் அமைந்த இந்நிலையத்திலிருந்து சேலத்திற்கும் கடலூர் துறைமுகத்திற்கும் கிளைப்பாதைகள் பிரிகின்றன. சென்னை எழும்பூர் ஏறத்தாழ 210 கி.மீ. தொலைவிலும் திருச்சிராப்பள்ளி ஏறத்தாழ 125 கி.மீ. தொலைவிலும் உள்ளன. இணைப்பு வண்டிக்காக நடைமேடையில் காத்திருப்பது என்னவென்று இவ்வூராருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இங்கிருந்து சென்னை வழியாக வெளிநாடு செல்பவரின் முதல் இணைப்பு சென்னையில்தான் ஏற்படுகிறது. அது எந்த விமானச் சீட்டிலும் அடங்காத இணைப்பாகும். வண்டி தாமதித்து விமானத்தைத் தவறவிட்டால் விமான நிறுவனத்திற்குப் பொறுப்பில்லை. அதற்கும் மேலாக, ஒரே சீட்டின் முதல் பகுதியில் பயணி ஏறாவிட்டால் எஞ்சிய பகுதிகள் அனைத்தும், பெரும்பாலும் திரும்பும் பயணமும் உட்பட, நீக்கப்பட்டுவிடும். வேறு வழியில் துபாய் சென்று அங்கிருந்து தொடரலாம் என்று எண்ணுவோர் முன்னதாக நிறுவனத்திடம் பேசாவிட்டால் அங்கு ஏற இயலாது.

2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையால் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையிலான பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால், சென்னை–விழுப்புரம் தடத்தில் வண்டிகள் நிறுத்தப்பட்டன, சில திருப்பிவிடப்பட்டன. விருத்தாசலத்தார் சென்னை செல்லும் வழி இதுவே. 2015 டிசம்பரில் வெள்ளத்தாலும், 2023 டிசம்பர் 4 அன்று மிக்சாம் புயலாலும் சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. ஆகவே வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் முந்தைய நாளே சென்னை சேர்வது மிகையான எச்சரிக்கையன்று. மற்ற மாதங்களில், பன்னாட்டு விமானத்திற்குரிய மூன்று மணி நேரத்தோடு வண்டித் தாமதத்திற்கென மேலும் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். தாம்பரத்தில் நிற்கும் வண்டியானால் எழும்பூர் வரை சென்று திரும்ப வேண்டியதில்லை. பேருந்தில் வருவோர் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் முனையத்தில் இறங்குகின்றனர்.

திருச்சிராப்பள்ளி விமான நிலையம் அருகிலிருப்பதோடு சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் முதலிய நகரங்களுக்கு நேரடிச் சேவைகளையும் கொண்டது. இதன் புதிய முனையம் 2024 ஜனவரி 2 அன்று தொடங்கிவைக்கப்பட்டு, அவ்வாண்டு ஜூனில் பயன்பாட்டிற்கு வந்தது. சிங்கப்பூர் அல்லது வளைகுடாவில் வேலைக்குச் செல்பவருக்கு இவ்வழியில் இடைத்தங்கலே தேவைப்படுவதில்லை. ஆஸ்திரேலியா செல்வோர் சிங்கப்பூர் வழியாகவும், லண்டன் செல்வோர் கொழும்பு வழியாகவும் ஒரே சீட்டில் செல்ல இயலும். சென்னையில் மூன்று மணி நேரத்தைச் சேமிக்கும் கவர்ச்சியான இணைப்பைவிட, திருச்சியிலிருந்து கொழும்பில் ஐந்து மணி நேரம் காத்திருக்கும் பயணம் வீட்டு வாயிலிலிருந்து கணக்கிட்டால் குறுகியதாக அமைவதுண்டு.

முதியோரும் முதன்முறைப் பயணிகளும்

வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளைக் காணத் தனியே செல்லும் பெற்றோர் இப்பயணிகளுள் ஒரு பெரும் பிரிவினர். பயணச்சீட்டைத் தெரிவு செய்பவர் பிள்ளை. இணைப்பைப் பிடிக்க வேண்டியவர் தாய் அல்லது தந்தை. விரைந்து நடக்கும் முப்பது வயதுக்காரருக்கு ஏற்ற 90 நிமிடம், அறிவிப்புப் பலகையின் மொழி அறியாத எழுபது வயதுக்காரருக்கு ஏற்றதன்று.

இவர்களுக்குச் சக்கர நாற்காலி உதவியை முன்பதிவு செய்வது வழக்கமாகியுள்ளது. புறப்பாட்டிற்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பு நிறுவனத்திடம் இதைக் கோருவது நல்லது. உதவியாளர் வாயில் வரை அழைத்துச் செல்வதால் வழிதவறும் அச்சம் இல்லை. ஆனால் சக்கர நாற்காலிப் பயணிகள் பொதுவாக விமானத்திலிருந்து கடைசியாகவே இறக்கப்படுவர் என்பதைப் பலர் கருதுவதில்லை. இவர்களுக்கு மூன்று முதல் நான்கு மணி நேரம் பொருந்தும். அதற்கு மேல் நீண்டால் உணவு, மருந்து வேளை, உறக்கம் ஆகியன சிக்கலாகும். எட்டு மணி நேரத்திற்கு மேற்பட்ட இடைத்தங்கலில் குறைந்த கட்டணத்தால் மிஞ்சும் பணம், முனையத்திற்குள் அமைந்த விடுதி அறைக்கே செலவாகிவிடக்கூடும். நீண்ட இணைப்புக்குச் சில நிறுவனங்கள் இலவச விடுதி அளிப்பினும், அதைவிடக் குறுகிய இணைப்பு இல்லாதபோது மட்டுமே அது கிடைக்கும்.

நுழைவிசைவு

விசா எனப்படும் நுழைவிசைவே நீண்ட இடைத்தங்கலின் பயனை முடிவு செய்கிறது. குறிப்பிட்ட சில நாடுகளின் விசா வைத்திருக்கும் இந்தியக் குடிமக்கள் சிங்கப்பூரில் 96 மணி நேரம் வரை விசாவின்றித் தங்க வழியுண்டு. சாங்கி விமான நிலையம் 5½ முதல் 24 மணி நேரம் வரை காத்திருப்போருக்கு இலவச நகர்ச் சுற்றுலாவும் நடத்துகிறது. மாறாக அமெரிக்காவில் வேறு நாட்டு விமானத்திற்கு மாறுவதற்கும் விசா தேவை. பிரித்தானியாவில், அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளின் விசா இல்லாத இந்தியருக்கும் இலங்கையருக்கும், விமான நிலையத்திலிருந்து வெளியேறாவிடினும் இடைவழி விசா வேண்டும்.

செங்கன் நாடுகளில் விமான நிலைய இடைவழி விசா பெற வேண்டிய நாட்டவரின் பொதுப்பட்டியலில் இலங்கை இடம்பெற்றுள்ளது, விலக்குகளும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து பலாலி–சென்னை விமானத்தில் வந்து, தனிச்சீட்டில் சென்னையிலிருந்து மேலே செல்ல விரும்பும் இலங்கையர், பொதியைப் பெற்று மீண்டும் பதிவு செய்ய வெளியேற வேண்டியிருப்பதால் இந்திய விசாவும் பெற வேண்டும். இவ்விதிகள் அடிக்கடி மாறுவதால் சீட்டு வாங்குமுன் தூதரகத் தளத்தில் சரிபார்த்தல் வேண்டும்.

பொதிகள்

மனிதர் ஓடிச்சென்று இணைப்பைப் பிடித்தாலும் பொதி பிடிக்காமல் போகலாம். சீட்டா நிறுவனத்தின் தரவுகளின்படி 2023இல் தவறிய பொதிகளில் 46 விழுக்காடு விமானம் மாற்றும்போதே தவறின. அமெரிக்கா செல்வோர் பொதுவாக அந்நாட்டில் முதலில் இறங்கும் நிலையத்தில் குடிவரவுச் சோதனை முடித்து, பொதியைப் பெற்று, சுங்கம் கடந்து, மீண்டும் ஒப்படைக்க வேண்டும். அங்கு மூன்று மணி நேரத்திற்குக் குறைந்த இணைப்பைத் தவிர்ப்பது நல்லது. வெளிநாட்டிலிருந்து மும்பை அல்லது தில்லி வழியாகச் சென்னை திரும்புவோருக்கும் பெரும்பாலும் இதே நடைமுறைதான்.

கைப்பையில் உள்ள ஊறுகாய், நெய், நல்லெண்ணெய் முதலியன 100 மி.லி. அளவைத் தாண்டினால் பாதுகாப்புச் சோதனையில் பறிமுதலாகும். விருத்தாசலத்துப் பீங்கான் பொருள்களைப் பரிசாகக் கொண்டு செல்வோர், ஒவ்வொரு இணைப்பிலும் பொதி இருமுறை கையாளப்படுவதை நினைவிற்கொண்டு, அவற்றைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைப்பர்.

உடல்நலம்

இடையில் இறங்கி நடப்பதால் காலில் குருதி உறையும் இடர் நீங்கிவிடும் என்ற கருத்து பரவலாக உள்ளது. நான்கு மணி நேரத்திற்கு மேல் அசையாது அமர்ந்து பயணிப்போருக்கு இவ்விடர் ஏறத்தாழ இருமடங்காகிறது என்று உலக சுகாதார அமைப்பு 2007இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. நலமுள்ளோரில் ஏறத்தாழ 6000 பேருக்கு ஒருவர் என்ற அளவே இது. குறுகிய காலத்தில் பல விமானங்களில் பயணித்தாலும் இடர் கூடும் என்றும், பயணம் முடிந்து ஏறத்தாழ நான்கு வாரம் வரை அது நீடிக்கும் என்றும் அதே ஆய்வு தெரிவிக்கிறது. ஆகவே இடைத்தங்கலில் மட்டுமின்றி, விமானத்துக்குள்ளும் எழுந்து நடத்தல் வேண்டும்.