சங்ககாலச் சூட்டிறைச்சி

ஊனைக் கலத்திலிடாது நேரே நெருப்பிற் சுட்டுண்ணும் முறை அடுதொழிலில் மிகப் பழையது. மண்ணாற் கலம் வனையக் கற்பதற்கு நெடுங்காலம் முன்னரே மாந்தர் அதனை அறிந்திருந்தனர். அதனால், சுடுதலை நாகரிகத்தின் தாழ்ந்த படியாகவும், வேவித்தலை உயர்ந்த படியாகவும் கொள்ளும் எண்ணம் எளிதில் எழுகின்றது. பிரஞ்சு மானிடவியலறிஞர் லெவி-ஸ்திராசு 1965ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையொன்றில், சுட்டது இயற்கையைச் சார்ந்தது என்றும், கலத்தில் வேவித்தது பண்பாட்டைச் சார்ந்தது என்றும் வகுத்தார். சுட்டதை விருந்தினர்க்கும், வேவித்ததை வீட்டார்க்கும் உரியதாகக் கொள்ளுதலே பெரும்பான்மை என்பதும் அவர் கருத்து. இப்பாகுபாடு சங்கப் பாடல்களுக்கு எத்துணைப் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். சுடு என்னும் முதனிலை நீண்டு சூடு எனத் தொழிற்பெயராயிற்று. பின்னர்த் தொழிலாகுபெயராய்ச் சுட்ட ஊனையே உணர்த்திற்று. ஆலத்தூர் கிழார் கிள்ளிவளவனைப் பாடிய புறநானூற்று 34ஆம் பாட்டில், பாணர் சுற்றம் உண்ட முயலின் ஊன் இப்பெயர் பெறுகின்றது. கோவூர் கிழாரின் 386ஆம் பாட்டிலும் இச்சொல் இப்பொருளில் வருகின்றது. ஈரிடத்தும் கிழித்தல் என்னும் வினை உடன் வருதல் நோக்கத்தக்கது. சுட்ட ஊன் கையாற் கிழித்து உண்ணப்பட்டது என்பது இதனாற் பெறப்படும். வேவித்த ஊனுக்கோ புழுக்கு, வேவை என வேறு பெயர்கள் இருந்தன. இருவகை உணவையும் பண்டையோர் பெயராலேயே பிரித்தறிந்தனர்.

சுடுதலும் ஒரு தன்மைத்தன்று. பொருநராற்றுப்படையிற் கரிகாலன் அளித்த ஊன் காழிற் கோத்துச் சுடப்பட்டது. மலைபடுகடாத்திலோ காழும் இல்லை. வழியிற் கிடக்கும் காட்டுப்பன்றியைக் காணின், உலர்ந்த மூங்கில் உராய்தலாற் பிறந்த காட்டுத்தீயிலே மயிர்போக வாட்டிப் புகை நாறாது உண்ணுமாறு கூத்தர்க்குச் சொல்லப்படுகின்றது. புகை நாறாமை என்னும் குறிப்பு சிறிதாயினும் பொருளுடைத்து. கொழுந்துவிட்டெரியும் தீ ஊனிற் கரியையும் புகைநாற்றத்தையும் ஏற்றும். எரிந்தடங்கிய தணலோ புகை குறைந்து வெப்பம் மிகத் தரும். மேலும், திறந்த கலத்து நீரில் வேவும் ஊன் 100 பாகை வெப்பத்தைக் கடப்பதில்லை. தணலிற் பட்ட ஊனின் மேற்புறம் அதனைக் கடந்து சிவந்து முறுகும். அம்முறுகலின் வேதியல் மாற்றத்தைப் பிரஞ்சு அறிஞர் மையார் 1912ஆம் ஆண்டில் விளக்கினார். புகையை விலக்கி வெப்பத்தைக் கொள்ளும் பட்டறிவோ மலைபடுகடாம் பாடிய புலவர்க்கு முன்னரே தெரிந்திருந்தது.

இனி, வன்பரணர் கண்டீரக் கோப்பெருநள்ளியைப் பாடிய புறநானூற்று 150ஆம் பாட்டைக் காண்போம். கந்தலுடையோடும் பசியோடும் பலாமரத்தடியில் தங்கிய புலவர், மான் வேட்டையாடி வந்த ஒருவனைக் கண்டு தொழுதெழுகின்றார். அவன் கைகவித்து அவரை இருக்கச் செய்கின்றான். காட்டில் வழிதவறிய தன் ஏவலிளையர் வந்து சேருமுன்னரே, தானே தீக்கடைந்து, கொழுவிய ஊனை விரைந்து சுட்டுச் சுற்றத்தோடு உண்ணுமாறு தருகின்றான். பின்னர்த் தன் அணிகலன்களையும் அளிக்கின்றான். நாடும் பேரும் வினவியபோது கூறாது செல்கின்றான். அவன் நள்ளி என்பதைப் பிறர் கூறவே புலவர் அறிகின்றார்.

இப்பாட்டிற் கலமும் காழும் கூறப்படவில்லை. ஊன் தணலின்மேலேயே இடப்பட்டது என்று துணிதற்குச் சான்றில்லை. எனினும் நெருப்பும் கொடுப்போன் கையுமே ஈண்டுப் பேசப்படுகின்றன. இளையர் வருங்காறும் காத்திருத்தல் அவனுக்கு அரிதன்று. பிறர் பசி காத்திராது என்பதை உணர்ந்தமையாலேயே அவன் விரைந்தான். ஏவலர் செய்யும் தொழிலைத் தலைவன் தன் கையாற் செய்தற்கு இடந்தந்தது சுடுதல். ஆதலின் ஈண்டு அது எளிமையின் அடையாளமன்று. இடையீடில்லாக் கொடையின் அடையாளமாகும்.

இதனோடு அப்புலவரே வல்வில் ஓரியைப் பாடிய 152ஆம் பாட்டை ஒப்பிடுக. ஓரியும் வேட்டுவக் கோலத்தனே; வந்தோரும் முன்னறியாத இரவலரே. ஆயின் அவன் அளித்தது மானின் நிணப் புழுக்கு. விருந்தினர்க்குச் சுட்டதே உரியது என்னும் வரையறை ஈண்டு நிற்கவில்லை. கரிகாலன் அவைக்களத்தில் வேவையும் சூடும் ஒரே விருந்திற் படைக்கப்பட்டன. சூடு இயற்கை, வேவை பண்பாடு எனின், அவ்விரண்டும் அப்பெருவேந்தன் விருந்திற் பக்கம் பக்கமாக அமர்ந்தது எங்ஙனம்?

ஆகவே, சங்கச் சான்றோர் சூட்டினையும் புழுக்கினையும் படிநிலையாக வைத்திலர். இடமும் காலமும் பசியும் நோக்கி இரண்டையும் ஆண்டனர் என்பதே எம் துணிபு. பண்டை உணவு வரலாற்றை எழுதப் புகுவோர், அடுமுறையைக் கொண்டு மக்களின் நாகரிகத்தை அளத்தற்கு முன்னர், நள்ளி கடைந்த தீயை ஒருமுறை நினைதல் நலம்.