காரணம் கூறாத தடை

ஒருவரைக் குறை கூறுவோர் அக்குறை யாதென விளக்கக் கடமைப்பட்டவர் என்பது ஹதீஸ் கலையின் பழம்பெரும் விதி. அறிவிப்பாளர் ஒருவரை நம்பத்தகாதவரெனத் தள்ளுவதை 'ஜர்ஹு' என்பர். காரணம் விளக்கப்படாத ஜர்ஹு ஏற்கத்தக்கதன்று என ஹிஜ்ரி 643-இல் மறைந்த இமாம் இப்னு ஸலாஹ் (ரஹ்) எழுதினார்கள். ஒருவருக்குக் குறையெனத் தோன்றுவது மற்றவருக்குக் குறையாகாமலிருக்கலாம் அன்றோ!

இவ்விதியை நினைவூட்டும் வழக்கொன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நடந்தது. 1997-இல் லவுடன் மாவட்டப் பொது நூலகக் குழு, தன் கணினிகளில் ஆபாசம் புகாதிருக்க, இணையத் தளங்களை வடிகட்டும் 'எக்ஸ்-ஸ்டாப்' என்னும் மென்பொருளை வைக்க முடிவு செய்தது. நோக்கத்தை யார் பழிப்பர்? ஆனால், எதைத் தடுப்பதெனத் தீர்மானித்தது நூலகமன்று. மென்பொருளை விற்ற நிறுவனம். எந்த அளவுகோலால் தடுக்கிறதென்பதை அது வெளியிடவில்லை. குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினரின் தளமும், பல்கலைக்கழகப் பெண்கள் சங்கத்தின் மேரிலாந்துக் கிளையின் தளமும் தடைக்குள்ளாயின.

ஊர் மக்கள் வழக்குத் தொடுத்தனர். தடுக்கப்பட்ட தளத்தாரும் சேர்ந்துகொண்டனர். முன்னர் நூலகராகப் பணியாற்றிய நீதிபதி லியோனி பிரிங்கெமா, 1998 நவம்பர் 23-இல் அத்தடை அரசியல் சட்டத்திற்கு முரணானதெனத் தீர்ப்பளித்தார். அரசின் பொறுப்பைத் தனியாரிடம் ஒப்படைத்து அதிலிருந்து விலக முடியாது. அளவுகோலையே அறியாமல் ஒப்படைத்தது குற்றத்தை மிகுவித்தது என்பது அவர் கருத்து.

எனினும், பொறுப்புச் சுமந்தது நூலகமே. பட்டியல் பூட்டியே கிடந்தது. மின்னணுப் பூட்டை உடைப்பதை 1998-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் தடுத்தது. தடைப் பட்டியல்களை ஆராய்வோருக்கு 2000-இல் விலக்களிக்கப்பட்டது, 2003-இல் அது நீட்டிக்கப்பட்டது, 2006-இல் புதுப்பிக்கப்படவில்லை. இதனிடையே 2003-இல், கூட்டரசின் நிதியுதவி பெறும் நூலகங்கள் வடிகட்டியை வைக்க வேண்டுமென்ற சட்டத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது. வயது வந்தோர் கேட்டால் தடையை நீக்கலாம் என்பது அத்தீர்ப்புக்கு ஓர் ஆதாரமாயிற்று. ஆயின், மறைக்கப்பட்டது இன்னதென்று அறியாதவர் எதைக் கேட்பார்?

நம் மக்களை ஆபாசத்தினின்று காப்பது பெற்றோராகிய நம்மீது கடமை. அதற்கொரு கருவியைத் துணைகொள்வதும் தவறன்று. ஆனால், அது எதைத் தடுக்கிறது, ஏன் தடுக்கிறது என வினவாமல் விடுவது அக்கடமையைக் கைவிடுவதேயாகும். அறிவிப்பாளர் ஒருவரைத் தள்ளவே காரணம் கேட்ட முன்னோரின் வழிவந்தோர் நாம். காரணம் கூறாத பட்டியலுக்குத் தலையாட்டுதல் நமக்கு அழகன்று.