சோரக்: எண்ணான தோல்கட்டு

மார்ச் 22 அன்று ரஷ்ய வீடுகளில் மாவைப் பறவையாகப் பிடித்து அடுப்பில் சுடுவார்கள். 'ஜாவரன்கி' என்று பெயர். வானம்பாடிகள் என்று பொருள். வசந்தத்தை அழைக்கும் அந்த நாளுக்குச் 'சோரகி' என்று பெயர். பலகாரத்தின் செய்முறை எழுதுவோர், நாளின் பெயர் 'சரோக்கா' என்ற பறவையிலிருந்து வந்ததாகத் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். ஒலி ஒத்தால் போதும், பொருளைப் பார்க்க வேண்டாம் என்னும் இந்தப் பழக்கம் சொல்லாராய்ச்சிக்குப் பெருங்கேடு. சரோக்கா நீண்ட வாலுடைய, கறுப்பும் வெள்ளையுமான காக்கை இனப் பறவை. பனிக்காலம் முழுவதும் அது ஊரிலேயே கிடக்கும். போகாத பறவையின் வரவை யார் கொண்டாடுவார்?

ரஷ்யத்தில் சோரக் என்றால் நாற்பது. கி.பி. 320 அளவில் செபஸ்தியாவில், இன்றைய துருக்கியின் சிவாஸில், உறைந்த ஏரியில் நிறுத்திக் கொல்லப்பட்ட நாற்பது கிறித்தவப் படைவீரர்களின் திருநாள் அது. பழைய நாட்காட்டியில் மார்ச் 9. அன்று நாற்பது பறவைகள் தெற்கிலிருந்து திரும்பும் என்ற நம்பிக்கையும் இந்த எண்ணை ஒட்டி எழுந்ததே.

ரஷ்யத் திருச்சபையின் ஈஸ்டர் எவ்வளவு முந்தினாலும் பிந்தினாலும், இந்தத் திருநாள் பெருநோன்புக்குள்தான் விழும். நோன்பில் இறைச்சியோடு பாலும் வெண்ணெயும் முட்டையும் விலக்கு. ஆகவே மாவு, நீர், உப்பு, நொதி, எண்ணெய், கொஞ்சம் தேன் அல்லது சர்க்கரை, கண்ணுக்கு உலர்திராட்சை. தேனுக்குப் பதில் சர்க்கரை சேர்த்தால், இன்று வீகன் என்று புதிதாகப் பெயர் சூட்டி விற்கும் பண்டம்தான் இது. சூரியகாந்தி எண்ணெய்க்கு ரஷ்யத்தில் 'நோன்பெண்ணெய்' என்றே பெயர். நோன்பு இருக்காதவரும் அப்படித்தான் கேட்டு வாங்குவார். அந்த எண்ணெயை அலெக்சேயெவ்கா என்ற ஊரில் பொகர்யோவ் என்பவர் பிழியத் தொடங்கியது 1829-இல். அதற்கு முன் சணல்விதை எண்ணெயும் ஆளிவிதை எண்ணெயும் அந்தப் பெயரைத் தாங்கின. வடக்கே கர்கோபொல் பகுதியில் ரை மாவைக் கயிறாகத் திரித்துச் சுருள்சுருளாகச் சுடுவதற்குத் 'தெத்யோர்கி' என்று இன்னொரு பறவையின் பெயர். பிள்ளைகள் மாப்பறவைகளைக் கோலில் செருகி உயர்த்தி, வசந்தத்தைப் பாடி அழைத்துவிட்டுத் தின்பார்கள். சில இடங்களில் ஒரு பறவைக்குள் காசை வைத்துச் சுடுவதுண்டு. அது யாருக்குக் கிடைக்கிறதோ அவரே அந்த ஆண்டு முதல் விதை தூவுவார்.

இனி சோரக். ரஷ்யத்தில் முப்பது என்பது மூன்று பத்து, ஐம்பது என்பது ஐந்து பத்து. நம் நாற்பதும் நான்கு பத்துதான். ரஷ்ய நாற்பது மட்டும் நாலையும் காட்டவில்லை, பத்தையும் காட்டவில்லை. (அவர்களுடைய தொண்ணூறும் முறை மாறியது, நம் தொண்ணூறு போலவே நூறைத் தனக்குள் வைத்திருக்கிறது. குற்றியலுகரப் புணரியலைக் கற்றவர்க்கு இந்த ஒப்புமை இனிக்கும். தனிக் கட்டுரைக்கு உரியது.) கிரேக்கச் 'சராந்தா'வே சோரக் ஆயிற்று என்பார் ஒரு சாரார். நாற்பது நாள் நீத்தார் வேண்டுதலுக்கு வழங்கும் 'சரகவூஸ்த்' கிரேக்கச் சொல் என்பதை அவர்கள் சான்றாகக் காட்டுவர். அது கிரேக்கம்தான், சடங்கோடு வந்து கோயிலுக்குள்ளேயே நின்றுவிட்ட சொல். எண்ணும் கோயில் வழியே வந்திருந்தால் முதலில் பல்கேரியரிடம் அல்லவா தங்கியிருக்கும்? கிரேக்கரின் பக்கத்து வீட்டுக்காரர்கள் அவர்கள். மதமாற்றத்திலும் ரஷ்யருக்கு மூத்தவர்கள். பல்கேரியரும் செர்பியரும் போலந்துக்காரரும் இன்றுவரை 'நான்கு பத்து' என்றே எண்ணுகிறார்கள். சோரக் என்பவர்கள் ரஷ்யர், உக்ரைனியர், பெலாரசியர் மட்டுமே.

இம்மூவரின் முன்னோர் பெருமளவில் விற்ற சரக்கு விலங்குத் தோல். சேபிள் என்னும் விலங்கின் தோலை நாற்பது நாற்பதாகக் கட்டினார்கள். ஒரு மேலங்கிக்கு அது அளவு. 1595-இல் துருக்கியரோடு நடந்த போருக்கு உதவியாக ஜார் ஃபியோதர், புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ருடோல்புக்கு அனுப்பிய சேபிள் தோல்கள் 40,360. நாற்பதால் வகுத்தால் மிச்சமின்றி 1,009 சோரக்! ஆங்கில வணிகரின் 'டிம்பர்', ஜெர்மானியரின் 'ட்சிம்மர்' ஆகிய தோல்கட்டுகளும் நாற்பதே. மாக்ஸ் ஃபாஸ்மர் தம் அகராதியில் சோரக்கைச் சட்டை எனப் பொருள்படும் 'சரோச்கா'வோடு சேர்த்தார். பை, உறை, சட்டை எல்லாம் உள்ளிருப்பதைப் போர்த்துபவை. தோல்களைப் போர்த்திய உறை கட்டுக்குப் பெயராகி, கட்டு எண்ணுக்குப் பெயராயிற்று. வெற்றிலையைக் கவுளியால் எண்ணும் நமக்கு இந்த வழி புதிதன்று.

சோரக் சந்தையில் பிறந்து கோயிலுக்குள் போன சொல். கிரேக்கச் சார்பாளர் எத்தனை வேண்டுதல்களை எடுத்துக்காட்டினாலும் இதிலிருந்து நான் மாறுவதாக இல்லை.