தோட்டத்துக் குருதியும் செந்துகள் அணுவும்

பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டு ஒன்பது ரப்பர்க் கன்றுகள் நடப்பெற்றன. பின்னர் அம்மாநிலமெங்கும் பரவிய தோட்டங்களை நம்பித் தமிழகத்திலிருந்து கப்பலேறிய மக்களின் வரலாறு, கூலியையும் கங்காணியையும் லயத்தையும் சுற்றியே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. அம்மக்களின் குருதிக்கும் ஒரு வரலாறு உண்டு. ஈப்போவில் இன்று ஒரு மருத்துவர் முதிய பாட்டாளி ஒருவரிடம் அரியதொரு குருதிப் புற்றுநோயை ஐயுறும்போது, அவ்வரலாற்றை அறியாது முடிவு கூறுதல் உயிருக்கே தீங்காக முடியலாம்.

வெள்ளணுக்களுள் ஒரு வகையின் உள்ளே சிறு துகள்கள் நிறைந்துள்ளன. ஈயோசின் என்னும் சாயம் பட்டதும் அவை செந்நிறம் கொள்ளும். செருமானிய அறிஞர் பால் எர்லிக் 1879இல் இவ்வணுவை வேறுபடுத்திக் காட்டினார். ஈயோசினோபில் என்பது அதன் பெயர். அச்சாயத்தின் பெயர் கிரேக்கரின் வைகறைத் தெய்வத்தினின்று பிறந்தது. பொழுது புலருமுன் பிரட்டுக் களத்தில் நின்ற மக்களின் உடலில் அவ்வணு மிகுந்திருந்தது தற்செயலான பொருத்தமே.

நலமுள்ளவரின் ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் இவ்வணு பொதுவாக 500க்கு மேற்படாது. புழுக்கள் உடலுட் புகின் சில ஆயிரமாகப் பெருகும். கழிப்பிட வசதியற்ற லயங்களும், வெறுங்காலுடன் பால்மரம் வெட்டும் வழக்கமும் கொக்கிப்புழுவுக்கு வாய்ப்பாயின. அமெரிக்க ராக்பெல்லர் அறநிறுவனம் 1915இல் அனுப்பிய ஆய்வுக்குழு, மலாயா, ஜாவா, பிஜித் தீவுகளில் இப்புழுவையும் மலேரியாவையும் ஈராண்டுகள் ஆராய்ந்தது.

கொக்கிப்புழு கண்ணுக்குப் புலப்படுவது. புலப்படாத பகைவனும் இருந்தான். இரவெல்லாம் இருமல், இளைப்பு, மெலிவு. நெஞ்சுப் படத்தில் நிழல். மதனப்பள்ளிக் காசநோய் மருத்துவமனையில் பிரிமோட்-மோலரும் பார்ட்டனும் 1940இல் இதனைப் போலிக் காசம் என விவரித்தனர். காசமென்று எண்ணிப் படுக்கவைக்கப்பட்டோரின் குருதியில் செந்துகள் அணுக்களே மிகுந்திருந்தன. வைன்கார்ட்டன் என்பார் 1943இல் இதற்கு வெப்பமண்டல ஈயோசினோபிலியா எனப் பெயரிட்டு, பாடாணக் கலவை மருந்தால் குணமாதலையும் எழுதினார். காரணம் தெரியாமலே மருந்து வேலை செய்தது.

காரணத்தை வெளிக்கொணர்ந்தவர்களுள் தமிழர் இருவர்க்குத் தனியிடம் உண்டு. சிங்கப்பூரில் டி. ஜே. தனராஜ், இந்நோய் இந்தியரிடையே மிகுதியாகக் காணப்படுதலை ஆராய்ந்து, யானைக்கால் புழுவைக் கொல்லும் டையெத்தில்கார்பமசீன் மருந்து இதனையும் தீர்த்தலை 1958இல் வெளியிட்டார். 1966இல் அவரும் நோய்க்குறியியல் அறிஞர் கா. சண்முகரத்தினமும் பிறரும் சேர்ந்து, நோயாளரின் நுரையீரல் திசுவிலேயே நுண்புழுக்களைக் காட்டினர். குருதியில் எவ்வளவு தேடியும் அகப்படாதவை அங்கே இறந்து கிடந்தன. தனராஜ் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவர். தமிழ் மாணவர் நூல்களில் இவர் பெயர் அரிதாகவே காணப்படுவது வருந்தத்தக்கது.

புழுவே இல்லாமல் இவ்வணு பெருகும் நோயாளரும் உண்டு. மிகுந்த அணுக்கள் இதயத்தை அரித்து உயிரைக் கொண்டுபோகும். 1968இல் இந்நிலைக்குப் பெயர் சூட்டப்பட்டது, காரணம் விளங்கவில்லை. இதற்கிடையே குருதிப் புற்றுநோயின் வேர் குரோமோசோம்களில் தேடப்பட்டது. 1960இல் பிலடெல்பியாவில் நோவெல், ஹங்கர்போர்டு இருவரும் ஒருவகைக் குருதிப் புற்றில் குறுகிய குரோமோசோம் ஒன்றைக் கண்டனர். 9ஆம், 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறியதன் விளைவே அது என 1973இல் ஜேனட் ரௌலி என்னும் அம்மையார் நிறுவினார். அப்பிறழ்ச்சியை அடக்கும் இமாட்டினிப் மருந்து 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதனை இந்த ஈயோசினோபில் நோயாளருக்கும் கொடுத்துப் பார்த்தபோது சிலர் வியக்கத்தக்க வகையில் தேறினர். ஏன் தேறினர் எனத் தேடிய பாஸ்டன் ஆய்வுக்குழு, 2003இல் 16 பேருள் 9 பேரிடம் ஒரே பிழையைக் கண்டது. 4ஆம் குரோமோசோமில் ஏறத்தாழ எட்டு இலட்சம் எழுத்துகள் அளவான பகுதி அறுந்துபோக, அதன் இருபுறமும் இருந்த மரபணுக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பாடாணக் கதையைப் போலவே இங்கும் மருந்து முன்னே சென்று காரணத்துக்கு வழிகாட்டியது.

அறுந்த பகுதி மிகச் சிறிது. வழக்கமான குரோமோசோம் சோதனையில் தெரியாது. அவ்விடத்திற்கென்றே ஒளிரும் அடையாளமிட்டுத் தேட வேண்டும். கண்டுகொண்டால் நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் மருந்தே பலருக்குப் போதுமானது. காணாமல் விட்டால் இதயம் கெடும்.

எதிர்ப்புறப் பிழை இன்னும் கொடியது. காரணம் தேடாமல் ஸ்டீராய்டு கொடுத்து அணுக்களைக் குறைக்க முயல்வதுண்டு. ஸ்டிராங்கிலாய்ட்ஸ் என்னும் நூற்புழு உடலில் ஒளிந்திருப்பின், அம்மருந்தால் அது கட்டுக்கடங்காது பெருகிக் கொல்லும். இப்புழு உடலுக்குள்ளேயே மறுபடி மறுபடி தொற்றிப் பல்லாண்டு வாழ வல்லது. இதற்குச் சான்று சயாம்-பர்மா மரண ரயில்பாதையிலிருந்து கிடைத்தது. அங்கு கைதிகளாய் உழைத்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படைவீரரை முப்பது ஆண்டுகளுக்குப் பின் லிவர்பூலிலும் ஆஸ்திரேலியாவிலும் சோதித்தபோது, பலரிடம் அப்புழு உயிரோடிருந்தது. குருதியில் செந்துகள் அணுக்களும் மிகுந்திருந்தன. அதே 415 கிலோமீட்டர்ப் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழரும் பல்லாயிரவர் உழைத்தனர், பலர் மாண்டனர், எஞ்சியோர் லயங்களுக்குத் திரும்பினர். அந்த ஆய்வுகள் படைவீரரைப் பற்றியவை. தோட்டத் தமிழர் அவற்றில் இல்லை.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்டன; மக்கள் புந்தோங் போன்ற ஈப்போப் பகுதிகளில் குடியேறிவிட்டனர். ரயில்பாதை கண்ட தலைமுறை ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆயினும் அவர்தம் பிள்ளைகளும் வெறுங்காலுடன் மரஞ்சீவியவர்களே. ஆகவே முதியவரின் குருதியில் செந்துகள் அணு மிகக் காணின், மருத்துவர் முதலில் மலச் சோதனையும் நூற்புழுவுக்கான குருதிச் சோதனையும் செய்விக்கிறார். புழு இல்லையெனத் தெளிந்த பின்னரே 4ஆம் குரோமோசோமின் அறுபட்ட இடத்தைத் தேடச் சொல்கிறார். அதற்கும் முன்பாக அவர் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு: "ஐயா, நீங்கள் எந்தத் தோட்டம்?"